படம் எங்கே போய்ச் சேரும்? கேமரா வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து. துரியோதனன் வேடம் கட்டியிருந்த கூத்து வாத்தியாரை என் போனில் நிறையப் படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்றே ஒன்றில் கிரீடம், புஜக்கட்டை, அரிதாரம் பூசிய முகம் எல்லாம் சேர்ந்து நன்றாக அமைந்துவிட்டது. அன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு வருடம் கழித்து அவரே அழைத்தார். "தம்பி, அந்தப் படத்தைப் பெரியதாகப் போட்டு வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும், ஏற்பாடு செய்ய முடியுமா?"

அதற்குள் நான் போனை மாற்றியிருந்தேன். அசல் கோப்பு பழைய போனோடு போய்விட்டது. உரையாடலுக்குள் இருந்த பிரதி மட்டும் மிஞ்சியது. கலர் லேபில் கொடுத்தபோது, இதை 12க்கு 18 அங்குலத்தில் போட்டால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்தக் கோப்பின் நீளம் 1600 பிக்சல், அதாவது 1600 புள்ளிகள். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு 300 புள்ளி வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கே 150 முதல் 200 வரை வேண்டும். வாத்தியாரிடம் முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு, "நல்ல கேமரா வாங்கலாம் என்று இருக்கிறேன், எது வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எடுக்கும் படம் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? போன் திரையோடு நின்றுவிடுமா, சுவருக்குப் போகுமா, புத்தகத்தில் அச்சாகுமா, இருபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் கேமராவும் தெளிவாகிவிடும், படத்தை எப்படிப் பகிர்வது என்பதும் தெளிவாகிவிடும். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

மெகாபிக்சல் கணக்கு

கடையில் முதலில் காதில் விழும் எண் மெகாபிக்சல். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் நீளவாக்கில் நூறு, அகலவாக்கில் நூறு என மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள்தான் இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி ஆனது. இன்று 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள், மிகச் சாதாரணம்.

எவ்வளவு தேவை? கணக்கை நீங்களே போடலாம். அச்சின் அளவை அங்குலத்தில் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் 300ஆல் பெருக்குங்கள். ஆல்பத்தில் வைக்கும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 புள்ளிகள். இரண்டு மெகாபிக்சலைக் கொஞ்சம் தாண்டும். 8க்கு 10 அங்குலத்துக்கு ஏழு மெகாபிக்சல் சொச்சம். வாத்தியார் கேட்ட 12க்கு 18க்கு 3600க்கு 5400, ஏறக்குறைய 19 மெகாபிக்சல். அதையும் சுவரில் தள்ளி நின்று பார்ப்பதாக வைத்து அங்குலத்துக்கு 200 புள்ளி என்று எடுத்துக்கொண்டால் ஒன்பதுக்குள் முடிந்துவிடுகிறது. திரையில் பார்ப்பதற்கோ இன்னும் குறைவு. ஃபுல் எச்டி திரை முழுவதற்கும் இரண்டு மெகாபிக்சல் போதும்; 4கே டிவிக்கு எட்டேகால்.

ஆகவே 24 மெகாபிக்சலில் பெரும்பாலோருடைய தேவை அடங்கிவிடுகிறது. தொலைவில் இருக்கும் பறவையை எடுத்துவிட்டுப் பிறகு அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்பவர்களுக்குத்தான் அதற்கு மேலே உள்ள எண்களால் உண்மையான பயன் உண்டு. மற்றவர்கள் அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவழிக்கலாம். அந்த வேறு இடம் எது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வெளிச்சத்தைப் பிடிக்கும் பாத்திரம்

மழையில் ஒரு தம்ளரையும் ஓர் அண்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே மழைதான், ஒரே நேரம்தான். ஆனால் அண்டாவில் சேரும் தண்ணீர் அதிகம். கேமராவுக்குள் இருக்கும் சென்சார் அப்படி ஒரு பாத்திரம். வாய் அகலமாக இருந்தால் அதிக வெளிச்சம் சேரும். பகல் வெயிலில் தம்ளரே நிறைந்து வழியும் என்பதால் வேறுபாடு தெரியாது. இரவில், மண்டபத்தில், கூத்து மேடையில் தெரியும்.

ஃபுல் ஃபிரேம் என்று சொல்லப்படும் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். பழைய பிலிம் சுருளில் ஒரு சட்டகம் இருந்த அதே அளவு. பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அடுத்தது ஏபிஎஸ்-சி, நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம் கேமராக்களில் சுமார் 23.5க்கு 15.6, பரப்பு 367 அளவில் இருக்கும். கேனான் தயாரிப்புகளில் இன்னும் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13, பரப்பு 225. போனில் இருப்பது இவற்றையெல்லாம்விடச் சிறியது. பெரும்பாலான போன்களின் சென்சார் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் போனில் இரவுப் படம் நன்றாக வருகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போன் ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் கழித்துவிடுகிறது. கோபுரத்தை எடுத்தால் அற்புதமாக வரும், ஏனென்றால் கோபுரம் அசையாது. துரியோதனன் சுழன்று ஆடும்போது அடுக்க முடியாது; ஒவ்வொரு படத்திலும் அவர் வேறு இடத்தில் இருப்பார். அசையும் மனிதர், குறைந்த வெளிச்சம்: இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் தனிக் கேமராவின் தேவை தொடங்குகிறது. வெயிலில் நிற்கும் குடும்பத்தைப் படம் எடுத்துக் குழுவில் பகிர்வதுதான் உங்கள் தேவை என்றால், கையில் இருக்கும் போனே போதும். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

சென்சார் பாத்திரம் என்றால் லென்ஸ் அதற்குள் தண்ணீர் விடும் குழாய். குழாயின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைத்தான் அபர்ச்சர் எண் சொல்கிறது. எஃப் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். எண் சிறியதானால் திறப்பு பெரியது. முதலில் குழப்பும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கேமராவோடு சேர்த்துப் பெட்டியில் கொடுக்கும் 18-55 லென்ஸை (இந்த எண்கள் மில்லிமீட்டரில் குவிய நீளம்; எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) முழுவதும் நீட்டினால் அது பெரும்பாலும் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் போடுங்கள். வெளிச்சம் ஒன்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. கூத்து மேடையில் இதற்கு என்ன பொருள்? ஐஎஸ்ஓ, அதாவது சேர்ந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்ற எண், 3200இல் இருக்கும்போது பெட்டி லென்ஸ் ஷட்டரை விநாடியில் 15இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்திருக்க வேண்டுமானால், 50 லென்ஸுக்கு 140இல் ஒரு பங்கு போதும். ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினால் 280இல் ஒரு பங்கு. முன்னதில் ஆடுபவரின் கை புகை மாதிரி கரைந்துபோகும்; பின்னதில் விரலில் இருக்கும் மோதிரம் தெரியும். இந்த 50 மில்லிமீட்டர் எஃப் 1.8, பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. புதிய மாடல் கேமரா உடலுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரு வருடத்துக்கு முந்தைய மாடலையும் இந்த லென்ஸையும் வாங்குங்கள். படத்தில் அந்த மாற்றம் அதிகமாகத் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். "கை நடுங்கினாலும் படம் நடுங்காது" என்று சொல்லி விற்கப்படும் நிலைப்படுத்தும் வசதி நல்ல வசதிதான். ஆனால் அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஆடுபவரை அது நிறுத்தாது.

பறவைப் படம் எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இருக்கும். நீங்கள் கரையில் இருப்பீர்கள். அங்கே 50 மில்லிமீட்டர் லென்ஸில் நாரை ஒரு வெள்ளைப் புள்ளி. 300க்குக் குறையாமல் வேண்டும், 400 அல்லது 500 இருந்தால் நிம்மதி. சிறிய சென்சாருக்கு இங்கே ஓர் ஆதாயம் உண்டு: ஏபிஎஸ்-சி கேமராவில் 300 லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 450 லென்ஸ் காட்டும் அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். பகல் வெளிச்சம் தாராளமாக இருப்பதால் எஃப் 5.6 அல்லது 6.3 போதும். ஒருவருக்குச் சரியான கேமரா இன்னொருவருக்கு வீண் செலவு என்பது இதனால்தான்.

டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா என்ற வாதத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். முதல் வகையில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி கண்ணுக்குத் திருப்பிவிடும். இரண்டாவதில் கண்ணாடி இல்லை, சென்சார் காண்பதைச் சிறு திரையில் பார்க்கிறோம். 2008இல் பானசோனிக் ஜி1 வந்த பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டன. புதிதாக வாங்குபவர் மிரர்லெஸ் வாங்கலாம். பணம் குறைவாக இருந்தால் பழைய டிஎஸ்எல்ஆர் இன்று மிக நல்ல பேரம்.

அதைவிட முக்கியம் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாய். கேமரா உடல் ஐந்தாறு வருடத்தில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருடம் கூட வரும். கேனான் 1987இல் கொண்டுவந்த இஎஃப் மவுண்ட் லென்ஸ்களை, 2018இல் வந்த ஆர்எஃப் மவுண்ட் கேமராக்களில் இணைப்பு வளையம் போட்டு இன்றும் பயன்படுத்துகிறார்கள். நிக்கான் எஃப் மவுண்டின் கதை 1959இல் தொடங்குகிறது. ஆகவே முதல் கேமரா வாங்கும்போது ஒரு பெட்டியை வாங்கவில்லை, ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர்களிடம் எந்த மவுண்ட் லென்ஸ்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு திருவிழாவுக்கு இரவல் வாங்க முடிவது பெரிய விஷயம்.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். லென்ஸின் ஒரு முனையில் ஒளியைப் பாய்ச்சி மறுமுனை வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி, மரக்கிளை மாதிரி ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. வாங்காதீர்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், ஐப்பசி கார்த்திகையில், பீரோவுக்குள் தோல் பையில் மூடி வைத்த லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது மிக எளிது. கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு மீட்டர்: இவ்வளவு போதும். மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

கேமராவின் மெனுவில் ரா, ஜேபெக் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பெரும்பாலான சென்சார்களில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் உணர்கிறது. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். நம் கண் பச்சையில்தான் நுணுக்கத்தை அதிகம் காண்கிறது என்பதால் பச்சைக்குப் பாதி இடம். ரா கோப்பில் இந்தப் புள்ளிகள் சமைக்காமல் அப்படியே இருக்கும். ஜேபெக்கில் கேமராவே நிறம் கலந்து, வெளுப்பும் கறுப்பும் முடிவு செய்து, சுருக்கி, பரிமாறிவிடும்.

வித்தியாசம் எங்கே தெரியும்? ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. மேடையின் மஞ்சள் விளக்கில் அரிதாரச் சிவப்பு ஆரஞ்சாக மாறிவிட்டால், ராவில் திருத்தி உண்மையான சிவப்புக்குக் கொண்டுவரலாம். ஜேபெக்கில் ஓரளவுக்கு மேல் தோண்டினால் நிறம் திட்டுத் திட்டாக உடையும். தொடங்குபவர்கள் இரண்டையும் சேர்த்தே பதியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் இடம் அதிகம் பிடிக்கும்தான்; ஒரு ரா கோப்பு 30 மெகாபைட் என்று வைத்தால்கூட 64 ஜிபி கார்டில் இரண்டாயிரத்துக்கு மேல் அடங்கும். இன்று ஜேபெக்கை அனுப்பிவிட்டு, ராவைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருடம் கழித்து உங்கள் கை தேர்ந்த பிறகு அதே படத்தை மறுபடி திருத்தலாம்.

பகிரும்போது

வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். பத்து மெகாபைட் கோப்பு சில நூறு கிலோபைட்டாகப் போய்ச் சேரும். 2023இல் எச்டி என்ற தேர்வு வந்தது. கொஞ்சம் மேல், ஆனாலும் அசல் இல்லை. அசல் போக வேண்டுமானால் இணைப்புக் குறியை அழுத்தி, ஆவணம் என்ற வகையில் அனுப்ப வேண்டும். இது தெரிந்திருந்தால் வாத்தியார் வீட்டுச் சுவரில் இன்று அந்தப் படம் இருக்கும்.

ஆவணமாக அனுப்புவதில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அசல் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்புகள் ஒளிந்திருக்கின்றன: எடுத்த நாள், நேரம், கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம். இருப்பிடம் பதியும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது இவை உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பும்போது கூடவே போகும். வீட்டில் எடுத்த குழந்தையின் படத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படி அனுப்பினால் வீட்டு முகவரியையே அனுப்புகிறோம் என்று பொருள். பறவைக் கூட்டின் படமும் அப்படித்தான். அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை வெளியிட்டால் மறுநாளே அங்கே கூட்டம் கூடும், தாய்ப்பறவை கூட்டைக் கைவிடவும் நேரலாம். இருப்பிடத்தை நீக்கிவிட்டுப் பகிருங்கள்; போனின் படத்தொகுப்பிலேயே பெரும்பாலும் அதற்கு வழி இருக்கும்.

மூன்று சிறு விஷயங்கள். கேமராவில் வண்ணவெளி என்ற இடத்தில் எஸ்ஆர்ஜிபி இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபி என்று வைத்தால் மற்றவர் திரையில் படம் வெளிறிப்போய்த் தெரியக்கூடும். ஐபோனில் எடுத்த படம் ஹெய்க் வடிவில் இருக்கலாம். கலர் லேபுக்குக் கொடுக்கும் முன் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் தேயும்.

எங்கே வைப்பது? கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக வைத்த காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபி. படத்துக்குப் பத்து மெகாபைட் என்றால் ஆயிரத்து ஐந்நூறு படம்தான். இணையக் கிடங்கு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி. எனக்குக் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அக்கா வீட்டு அலமாரியில் இன்னொரு டிஸ்க். பொங்கலுக்குப் போகும்போது அந்த டிஸ்கை மாற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று எண்ணும் படங்களுக்கு, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் நல்ல இடம். சுருக்காமல் முழு அளவிலேயே ஏற்றலாம். அங்கே ஏற்றும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற கட்டற்ற உரிமத்தில் தர வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லி எவரும், வணிகத்துக்குக்கூட, பயன்படுத்தலாம் என்று அதற்குப் பொருள். வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனை போட்டால் அங்கே ஏற்கமாட்டார்கள். இதை அறிந்து, மனமொப்பிச் செய்யுங்கள். நாட்டார் கலைகளுக்கென்றே விக்கி லவ்ஸ் ஃபோக்லோர் என்ற போட்டியும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனால் படத்தில் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். கூத்துக் கலைஞர் மேடையில் எல்லோருக்கும் முன்னால் ஆடுகிறார் என்பதற்காக, வேடம் கலைத்துக்கொண்டு களைத்து உட்கார்ந்திருக்கும் படத்தையும் பரப்ப அவர் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது.

அடுத்த திருவிழாவுக்கு ஒரு பழைய ஏபிஎஸ்-சி கேமராவும் 50 லென்ஸுமாகப் போனேன். வாத்தியார் அந்த முறை துரியோதனன் வேடம் கட்டவில்லை. மூட்டுவலி, மகன் கட்டினார். விடியற்காலை வரை எடுத்தேன். 12க்கு 18 அங்குலத்தில் இரண்டு அச்சுகள் போட்டுக் கொடுத்தேன், ஒன்று மகனுடையது, மற்றொன்று மேடையோரம் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிய வாத்தியாருடையது. ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, ஒரு பென் டிரைவ். அதில் அசல் கோப்புகள் ஓர் அடைவில், வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாக 2000 பிக்சலுக்குக் குறைத்தவை இன்னொன்றில். ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்பிலும் ஆடியவர் பெயர், வேடம், கூத்தின் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதியிருக்கிறேன். எல்லாப் பெயர்களையும் மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மத்தளம் வாசித்தவரின் முழுப் பெயர் அவருக்கும் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டு எழுதினோம்.